உமி ஊதும் விசிறியும் உன் அம்மாவின் மூச்சும்

சேசு மரி சூசை துணை

கரையூர், யாழ்ப்பாணம்.
20-2-1938

என் அன்பு மகள் றோசுக்கு அப்பு எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், இந்த முறை அதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். கோலாலம்பூரில் நீயும் காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லாமல் சுகமாயிருக்க மாதா துணைநிற்க வேண்டுமென்று செபமாலை முடிவில் உன் பெயரைச் சொல்லாத நாளில்லை. நீ ஏழாந் தேதி எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறப் போகிறேன், மாத முடிவில் நேர்ஸ்மாருக்குத் தலைவியான மேற்றனிடம் விலகல் கடிதம் கொடுக்க இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்துவிடாதே பிள்ளை. மூன்று வருஷம் படித்து, துரைசாணிமாரிடம் ஏச்சு வாங்கி, நின்று நின்று கால் வீங்கி நீ எடுத்த வேலை அது, அதை விடுவதற்கான காரணம் இப்போது இங்கே இல்லை. அம்மாவுக்கு மூச்சு வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதோடு எப்படிப் போனது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், போனதில் என் பங்கும் இருக்கிறது, அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். பாதியில் கோபித்துக்கொண்டு கடதாசியைக் கசக்கி எறிந்துவிடாதே, அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, எனக்குத் தெரியாதா.

முதலில் நீ கேட்டவற்றுக்கு மறுமொழி. அம்மா இப்போது ஒரே தலையணையோடு நேராகப் படுக்கிறாள். கார்த்திகையில் நாலு தலையணை அடுக்கி அதில் சாய்ந்தபடிதான் கண் மூடுவாள், அதை உனக்கு அருந்ததி வாத்தியாரம்மா எழுதித்தான் நீ அறிந்தாய், நான் எழுதியதெல்லாம் அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்ற ஒரு வரிதான். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்தே போய் நடந்தே வந்தாள். வழியில் ஓரிடத்தில் நின்றாள், அதுவும் மூச்சு வாங்குவதற்கில்லை, திருக்கை விற்றுக்கொண்டு போனவளோடு விலை பேசுவதற்கு. டாக்குத்தர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது, இனி மரத்தூளுக்குக் கிட்டப் போகாமல் இருந்தால் மிச்சமும் அடங்கும் என்றார். விடியற்காலையில் கொஞ்சம் இருமல் உண்டு. சாப்பாடு பிடிக்கிறது. என்னை ஏசுவதற்கு நடுவில் நிற்காமல் ஏசக்கூடியதாய் இருக்கிறது, டாக்குத்தர் சொன்னதைவிட எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

இனிக் கதையைக் கேள். எஞ்சின் வருமுன் கைவாளால் அறுத்த காலத்தில் தூள் காலடியில் விழும், பொழுதுபடக் கூட்டி அள்ளினால் சரி. எஞ்சினும் வட்டவாளும் வந்த பிறகு தூள் அரித்த மாவாய்ப் பறக்கத் தொடங்கியது, முதிரை மரம் அறுத்தால் கேட்கவே வேண்டாம், கண் எரியும், கழுத்தெல்லாம் சொறியும். அம்மா பட்டறையில்தான் பாதி நாள், மணல் கடதாசி பிடித்து மரத்தை உரஞ்சுவதில் அவளுடைய கைக்கு நிகராக இந்தக் கரையூரில் ஒரு ஆம்பிளை இல்லை என்று நீயே சொல்லுவாய். அவளுக்கு இருமல் தொடங்கியபோது நான் அதை அடுப்புப் புகை என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, கூரையைப் பிரித்துக் குசினிக்குப் புகைபோக்கி வைத்தேன், வைத்துவிட்டு ஒழுங்கையில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். புகை போனது, இருமல் போகவில்லை. பிறகு போன வருஷம் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கோவிலொன்றுக்கு சனம் இருந்து பூசை காண நாற்பது வாங்கு செய்யும் வேலை கிடைத்தது. பட்டறைக்கு இன்னொரு மெசின் போடாமல் அதைத் தவணைக்கு முடிக்க ஏலாது, ஆனால் நம்முடைய எஞ்சின் வட்டவாளையும் இழுத்துக்கொண்டு அதற்குமேல் ஒரு பெல்ற்றைத்தான் தாங்கும். ஒன்று தூளை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி போடலாம், அல்லது காற்றை அமுக்கி அடைத்து வைக்கிற கொம்பிறசர் போடலாம். இரண்டையும் பற்றி உனக்கு எழுதினேன், நீயும் ஒருவரைக் கேட்டு எழுதுகிறேன் என்றாய்.

ஆனால் நீ கேட்டு எழுதும்வரை பொறுத்திருக்க எனக்குப் புத்தி இருக்கவில்லை. பெரியகடைப் பக்கத்து மோட்டார்க் கராச்சில் ஒருநாள் கார் ஒன்றுக்கு வார்னிஷ் அடிப்பதைப் பார்த்துவிட்டேன், அங்கேதான் பிடித்தது சனியன். துவக்கு மாதிரி ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான், விசையை அமுக்குகிறான், வார்னிஷ் பனிபோலப் போய்ப் படிகிறது, பூசுகிற பிறஸ் ஓடிய கோடு ஒன்றில்லை. நாற்பது வாங்கும் அப்படி மினுங்கினால் எப்படி இருக்கும் என்று அந்த இடத்திலேயே மனம் போய்விட்டது. கராச்காரர் தம்முடைய பழைய கொம்பிறசரை விற்க இருந்தார். வைகாசி பிறந்ததும் அது நம்முடைய பட்டறையில் வந்து இறங்கிவிட்டது, இரும்புப் பீப்பாயும் றப்பர்க் குழாயுமாக. அதைக் கண்டு அதிகம் சந்தோஷப்பட்டது யார் என்று நினைக்கிறாய், உன் அம்மாதான். வார்னிஷ் அடிக்குமுன் மரத்தில் தூசி ஒரு பொட்டும் இருக்கக்கூடாது, இவ்வளவு நாளும் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து அவளுக்கு முதுகு போகும். குழாயைக் கையில் கொடுத்தேன், சீறிக்கொண்டு போய் ஒரு வாங்கை ஒரு நொடியில் துப்புரவாக்கிவிட்டது. இஞ்சாருங்கோ, சோளகக் காத்தைப் பிடிச்செல்லோ பீப்பாய்க்குள்ளை அடைச்சு வைச்சிருக்கிறியள் என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அன்று முதல் குழாய் அவளுடைய கையில்தான், வேறு யாரும் தொட முடியாது.

உன்னுடைய கடிதம் அதற்கு அடுத்த கிழமை வந்தது. உன் வார்டில் நெஞ்சு வருத்தத்தோடு படுத்திருந்த சீனத்துத் தச்சன் சொன்னதென்று எழுதி, அந்த மனிசன் காய்ச்சல் குறிக்கிற தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறித் தந்த படத்தையும் வைத்து அனுப்பியிருந்தாய். இனித்தான் எனக்குக் கை வராத இடம். உனக்குத் தெரியும், கடிதம் வந்தால் அம்மா போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள், நான் வாசிப்பேன், அவள் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள். அன்றும் அப்படியே வாசித்தேன். உன் சுகம் வாசித்தேன், ஆஸ்பத்திரிப் புதினம் வாசித்தேன், இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: "அப்பு, விசிறியைத்தான் போடுங்கள். அம்மாவுக்குப் பிடித்திருப்பது புகையல்ல, மரத்தூள். காற்றால் ஊதினால் தூள் போகாது, கண்ணுக்குத் தெரியாத நுண்தூளாய்க் காற்றில் நின்று நெஞ்சுக்குள்தான் போகும். அம்மாவை இனிப் பட்டறைக்குள் விடவேண்டாம்." என் கண் அந்த வரிகளைக் கண்டது. கண்டு, விழுங்கிவிட்டு, அதற்குக் கீழே வரப்போகிற அந்தோனியார் கோவில் திருநாளைப் பற்றி நீ எழுதியிருந்ததற்குப் பாய்ந்துவிட்டேன். அம்மா திருநாளை இரண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். படத்தைக் காட்டி இதென்ன என்று கேட்டாள், ஏதோ சீனத்து விளையாட்டு என்றேன். ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். மெசின் வந்து ஒரு கிழமைதான், அவள் அதைவிட்டு இறங்கமாட்டேன் என்று நிற்கிறாள், நானோ அது பிழையான சாமான் என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன், இந்த வாங்குகள் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. உனக்கு எழுதிய மறுமொழியில் எல்லாம் பார்த்துச் செய்கிறேன் என்று எழுதினேன், அதுவும் பொய்.

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாதி என்று நாலு மாதமும் அவள் ஊதினாள். பட்டறை பார்ப்பதற்குக் கோவில் பீடம்போலத் துப்புரவு, எனக்கோ பெருமை. காலையில் வந்து பார்த்தால் முதல்நாள் துடைத்த மேசையில் மறுபடி மெல்லிய படலமாய்த் தூள் படிந்திருக்கும், இரா முழுக்க அது காற்றில் நின்றுதான் இறங்கியிருக்கிறது என்று இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று கடைசி ஐந்து வாங்குதான் மிச்சம் இருந்தன. மழைச் சாரலுக்குக் கதவு சன்னலெல்லாம் சாத்திவிட்டு அவள் உள்ளே ஊதிக்கொண்டு நிற்கிறாள், நான் வாளில் நிற்கிறேன். அன்று பெல்ற்றை இறுக்கித்தர நம்முடைய தில்லைநாதன் வந்திருந்தான், சாவகச்சேரி நெல் ஆலையில் எஞ்சின் பார்க்கிறவன், உன்னை நேர்ஸ் தங்கச்சி என்று பகிடி பண்ணுகிறவன். அவன் திடீரென்று பாய்ந்துபோய் பெல்ற்றைத் தட்டி விழுத்தினான். என்னடா செய்கிறாய் என்று கத்திக்கொண்டு திரும்பினேன். அம்மா வாங்கொன்றில் குந்தியிருந்து இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், உதடு நாவற்பழ நிறம். எவ்வளவு நேரம் என்னைக் கூப்பிட்டாளோ, எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. தில்லைநாதன்தான் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவினான். அவன் அன்று வராமல் விட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு கடிதமாய் இருந்திருக்கும், அந்தப் பிள்ளைக்கு நான் சாகும்வரை நன்றி சொன்னாலும் தீராது.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். அவளுக்குக் கதைக்க ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது, உன்னுடைய கடிதங்களை ஆரம்பத்திலிருந்து ஒருக்கால் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். நான் கஞ்சி காய்ச்சுவதிலும் வெந்நீர் வைப்பதிலும் நின்றேன், அதனால் சுகம் விசாரிக்க வந்த அருந்ததி வாத்தியாரம்மாவிடம் பிஸ்கோத்துத் தகரத்தோடு கடிதங்களைக் கொடுத்துவிட்டாள். உனக்கு அரிவரி சொல்லித்தந்த அந்தக் கணீரென்ற குரலில் அவர் ஒவ்வொன்றாய் வாசித்துக்கொண்டு வர, நான் வெந்நீர்க் கோப்பையோடு அறைவாசலுக்கு வந்தேன், அப்போதுதான் வைகாசிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம். வாத்தியாரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, புள்ளி விடாமல் வாசித்தார், அம்மாவை இனிப் பட்டறைக்குள் விடவேண்டாம் என்று வாசித்துவிட்டு, நல்லாத்தான் சொல்லியிருக்கிறாள் பிள்ளை, நீங்கள் கேட்கேல்லையோ என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா நிமிர்ந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். வாத்தியாரம்மாவுக்கு முன் என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு சொல் போதும். அவள் சொன்னது, நான்தான் கேக்கேல்லை, மேலை வாசியுங்கோ என்று. பிள்ளை, அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்திருந்தால் சந்தோஷமாய்ப் போயிருப்பேன். வாத்தியாரம்மா போன பிறகு இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. கோப்பையை நீட்டினால் வாங்குவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். நான் குந்தியிருந்து அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், அதற்கும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளாகவே, சீனன்ரை விசிறியை எப்ப பூட்டப்போறியள் என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள், நான் அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவகச்சேரிக்கு ஓடினேன்.

ஆலையில் உமி ஊதித் தள்ளுகிற விசிறி ஒன்று, பெரியது வாங்கியதால் சும்மா கிடக்கிறதென்று தில்லைநாதன் முதலாளியிடம் கேட்டு எடுத்துத் தந்தான். நத்தைக்கூடு மாதிரி இரும்பு வளைவு, ஒரு பக்கத்தால் உறிஞ்சி மற்றப் பக்கத்தால் ஊதும். உமியைத் தள்ளுகிறதற்கு மரத்தூள் எம்மாத்திரம். விசிறி கிடைத்துவிட்டதே, மிச்சம் நான் பார்க்கிறேன் என்று என்னுடைய கெட்டித்தனத்தைக் காட்டினேன். தச்சன் தகரத்தில் குழாய் வைப்பானா, மெல்லிய தேக்கம்பலகையில் சதுரக் குழாய் செய்தேன், மூலைக்கு மூலை புறா வால்போல விரிந்து கவ்வுகிற பொருத்து வைத்து, கூரை வளையைச் சுற்றி நாலு திருப்பம் திருப்பிக் கொண்டுபோனேன். எஞ்சினைப் போட்டால் வாளடியில் ஒரு சுருளைக்கூட இழுக்கவில்லை. தில்லைநாதன் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பிலிப்பு அண்ணை, வேலை வடிவாய்த்தான் இருக்கு, ஆனால் காத்து உங்கடை பொருத்தைப் பார்த்துப் பார்த்து வழியிலை நிண்டிட்டுது என்றான். பிறகு அவன் சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான வட்டத் தகரக் குழாயை வளையாமல் நேரே சுவரைத் துளைத்து வெளியே விட்டோம், வாயை வாளுக்குக் கீழே தூள் பிறக்கிற இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். சீனத்துத் தச்சன் கீறியிருந்ததும் அச்சொட்டாய் அதேதான், படத்தை விரித்து வைத்துப் பார்த்திருந்தால் நாலு நாள் மிச்சம். விளையாட்டுப் படம் என்று சொன்ன வாய்க்கு வேண்டும்.

வெளியே வருகிற தூள் எங்கே போவது என்பது அடுத்த கரைச்சல். பக்கத்து வளவில் லீனம்மா கருவாடு காயப்போடுவது உனக்குத் தெரியும், முதல்நாளே அவளுடைய சூடைக் கருவாட்டுக்குமேல் முதிரைத் தூள் தூவிவிட்டோம், அவள் வேலிக்கு மேலால் தந்த அர்ச்சனையை எழுதினால் உன்னுடைய மேற்றன் தபாலைத் திறந்து வாசிக்கக்கூடாது. ஆகவே குழாய் முனையில் பை கட்டவேண்டும். பையை நான் தைக்கட்டோ என்று அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டாள், விசிறியைக் கேட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் தானாகக் கேட்ட இரண்டாவது சங்கதி அது. தோணிக்காரர் மகள் அல்லவா, தோணிகளுக்குப் பாய் தைத்த குடும்பம், உன் பெரிய மாமன் வீட்டிலிருந்து நல்ல பாய்ச்சீலை எடுப்பித்து, மெழுகிட்ட நூலால் இரட்டைத் தையல் போட்டு, ஒரு ஆள் உயரத்துக்குப் பை தைத்தாள். கடலிலே எந்தப் புயலுக்கும் கிழியாத தையல். கட்டி எஞ்சினைப் போட்டோம், பை ஊதியது, ஊதியது, சினையாட்டு வயிறுபோல உருண்டு நின்றது, பிறகு ஒரு சத்தம், பை கழன்று பறந்து நானும் தில்லைநாதனும் தலைமுதல் கால்வரை மஞ்சள் பூசினமாதிரி நிற்கிறோம். தையல் ஒன்றும் விடவில்லை, கட்டுத்தான் விட்டது. சன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தாள். சிரித்து இருமல் வந்து, இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள். பிறகு அவளே கண்டுபிடித்துச் சொன்னாள், பாய்ச்சீலை காத்தைப் பிடிக்கிறதுக்கு நெய்தது, உதுக்கு வேணுமானது காத்தை விட்டிட்டுத் தூளைப் பிடிக்கிற சீலை என்று. நான்கூட அதை யோசிக்கவில்லை, கடல்வழிக் குடும்பத்துக்குச் சீலை என்றால் காற்றுப் பிடிப்பதுதானே. காடாத்துணியில் இரட்டை மடிப்பாய் முன்னதைவிட இரண்டு பங்கு பெரிதாய்த் தைத்தாள். அது இன்றைக்கும் நிற்கிறது, காற்றுப் போகிறது, தூள் தங்குகிறது, நான் அந்திக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே வைத்து உதறிக் குழிக்குள் கொட்டுகிறேன். லீனம்மா இப்போது சமாதானம், போன கிழமை ஒரு பிடி சூடைக் கருவாடும் தந்தாள்.

கொம்பிறசரை விற்கவில்லை, அம்மாதான் விற்கவேண்டாம் என்றாள். பின்வளவில் நாலு பக்கமும் திறந்த கொட்டில் போட்டு அதில் வைத்திருக்கிறேன். வாள் ஓடாத நேரத்தில் பெல்ற்றை மாற்றிப் பீப்பாயை நிரப்பி, வார்னிஷ் அடிப்பதற்கு மட்டும். அந்தக் குழாயால் தூசி ஊதுவது இந்தப் பட்டறையில் இனிப் பாவம், மரத்தைப் பழையபடி ஈரத் துணியால் நான்தான் துடைக்கிறேன், முதுகு போகட்டும், அது போகவேண்டிய முதுகுதான். காலையில் பீப்பாயின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வெளியே விடவேண்டும் என்பதையும் பட்டுத்தான் படித்தேன், நம்முடைய கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும்தானே, ஒருநாள் மறந்தேன், வார்னிஷில் தண்ணீர் தெறித்து வாங்கொன்று வெண்குட்டம் பிடித்ததுபோல் ஆகிவிட்டது, சுரண்டி மறுபடி அடித்தேன். கோவில் பங்குச் சுவாமியார் தவணை பிந்தியதற்குக் கோபிக்கவில்லை, அம்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன் என்று ஆள் சொல்லியனுப்பினார். ஒவ்வொருவராய் நினைத்துப் பார்க்கிறேன் பிள்ளை, தில்லைநாதன், வாத்தியாரம்மா, ஆலை முதலாளி, முகம் தெரியாத அந்தச் சீனத்து மனிசன், இவ்வளவு பேருடைய கையைப் பிடித்துத்தான் உன் அம்மா ஏறி வந்திருக்கிறாள். நீ ஒருத்தி அங்கே இருந்து, வருத்தக்காரன் ஒருவனை மனிசனாய் மதித்துக் கதை கேட்டிருக்காவிட்டால் அந்தப் படம் ஏது, எனக்குப் புத்தி ஏது. அவர் சுகப்பட்டு வீடு போய்விட்டார் என்று எழுதியிருந்தாய், எப்படியாவது விலாசம் தேடிப்பிடி. சித்திரையில் பினாங்குக்கு வருகிற உன் பெரிய மாமனிடம் பனம்பழப் பனாட்டும் முதிரையில் செய்த சின்னப் பெட்டியொன்றும் கொடுத்துவிடுகிறேன், அவருக்குக் கொடு, யாழ்ப்பாணத்தில் ஒரு தச்சன் உங்களைக் கும்பிடுகிறான் என்று சொல்.

நான் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நினைத்தது வெள்ளிக்கிழமை. அந்த ஐப்பசிக்குப் பிறகு உன் கடிதங்களை நான் தொடுவதில்லை, வெட்கம், வந்தவுடன் அப்படியே கொண்டுபோய் வாத்தியாரம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அவர்தான் பின்னேரம் வந்து வாசிப்பார். வெள்ளிக்கிழமையும் வந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டார். அம்மா எழும்பி, அவருடைய கையிலிருந்து கடிதத்தை வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். நீங்களே வாசியுங்கோ, வாத்தியாரம்மா வாசிச்சால் வடிவாய்த்தான் இருக்கு, ஆனால் எங்கடை பிள்ளை கதைக்கிற மாதிரி இல்லை என்றாள். வாங்கி வாசித்தேன். நீ எழுதியிருந்தாயே முதற் பக்கத்தின் அடியில், அப்புவுக்குப் பட்டறைதான் பெரிது, அம்மா அதற்குப் பிறகுதான், அப்புவை நம்பி அம்மாவை விட எனக்கு மனமில்லை, அதனால்தான் வருகிறேன் என்று. அந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து எழுத்தாய் முழுவதையும் வாசித்தேன், ஒரு சொல் விடவில்லை. வாத்தியாரம்மா முகட்டைப் பார்த்தார். அம்மா கடிதத்தை வாங்கி மடித்துவிட்டு, உந்த ஒரு வரியை விட்டிட்டு வாசிச்சிருக்கலாமே என்றாள்.

அந்த வரியை எழுதியதற்கு நீ ஒருபோதும் வருந்தக்கூடாது, அது எனக்கு வரவேண்டிய வரி. வேலையில் இரு, வருஷ லீவு கிடைக்கும்போது வா, உன் கண்ணாலேயே அம்மாவைப் பார், பார்த்த பிறகும் நான் நம்பத்தகாதவன் என்று தோன்றினால் அப்போது விடு. நேரத்துக்குச் சாப்பிடு, நெஞ்சு வருத்தக்காரருடைய வார்டில் நிற்கும்போது மூக்குச் சீலையை மறக்காதே. அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் தரச் சொல்லுகிறாள். சர்வேசுரனும் தேவமாதாவும் உன் போக்கிலும் வரவிலும் கூட இருந்து காக்கட்டும். எங்களுக்கு என்ன எழுத நினைக்கிறாயோ அதை மறைக்காமல் எழுது, இந்த வீட்டில் எழுதியபடியே வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
உன்மேல் பட்சமுள்ள அப்பு,
ச. பிலிப்பு